ஜெபம் உங்களுக்கு, முழிப்பு எனக்கு

யுத்த காலத்தில் இயேசு கிறிஸ்துவே கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருந்தாலும், அடையாள அட்டை இல்லாமல் எங்கள் ஆலயத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. வாசலில் காவலுக்குச் சென்ரி அங்கிள் நின்றார். "எங்கையிருந்து வாறியள்? ஆரைப் பாக்க? பையுக்குள்ள என்ன?" என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி, அங்கியை உதறி, செருப்பைத் தட்டிக் காட்டிய பிறகுதான் ஆண்டவருக்கும் வழி கிடைத்திருக்கும். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் போதகருக்கு ஒவ்வொரு ஞாயிறும் இந்த மரியாதை நடந்தது.

"ஆரைப் பாக்க வாறியள்?"

முதல் ஞாயிறு போதகருக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிறு சிரித்தார். அதற்குப் பிறகு களைத்துப்போய், "ஆண்டவரைப் பாக்க" என்று சொல்லிப் பழகிவிட்டார்.

"அப்ப போங்கோ ஐயா. உள்ளதான் இருக்கிறார்."

அங்கிளின் சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அதை வாசித்தவர்கள் ஆமிக்காரர்களும் பொலிஸ்காரர்களும் மட்டுமே. மற்ற எல்லோருக்கும் அவர் சென்ரி அங்கிள்தான். வடக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஓய்வுபெற்றாரா, ரயில் ஓய்வுபெற்றதா என்பது தெளிவில்லை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் போவது நின்றது, அவரும் நின்றுவிட்டார். மனைவி காலமாகி, பிள்ளை குட்டி இல்லாமல், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு லொட்ஜில் தனி அறை எடுத்து இருந்தார். உத்தியோகத்தின் மிச்சமாக ஒரு விசிலும், ஒரு பச்சைக் கொடியும், ஒரு சிவப்புக் கொடியும் கையில் இருந்தன. மூன்றையும் அவர் கர்த்தரின் பணிக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். கஷ்டப்பட்டவர்கள் நாங்கள்.

இந்தப் பாதுகாப்புக் குழு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது கொழும்பில் பஸ்ஸிலும் சந்தியிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் பொலிஸ் பொறுப்பதிகாரி போதகரைக் கூப்பிட்டு, "உங்கள் ஆலய வாசலில் நீங்களே ஆட்களைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் நான் துவக்கோடு ஆள் போடுவேன்" என்று சொல்லி அனுப்பினார். அவர் கேட்டது நியாயம். ஆனால் வாசலில் காக்கிச் சட்டை நின்றால் கடைசி இரண்டு வரிசை வாங்குகளும் இருக்க ஆளில்லாமல் காலியாகிவிடும் என்று போதகருக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வாங்குகள் லொட்ஜ் ஆட்களுடையவை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்து, விசாவுக்கோ, வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்கோ காத்துக் கிடந்தவர்கள். பொலிஸ் பதிவு வைத்திருந்தாலும், அடையாள அட்டையில் பிறந்த இடத்தைக் கண்டவுடன் "ஜீப்பில் ஏறு, விசாரித்துவிட்டு விடுகிறோம்" என்பார்கள். விடுவதற்குச் சில வேளை ஒரு இரவு போகும், சில வேளை ஒரு மாதம் போகும். கிழமை முழுவதும் அறைக்குள் அடைந்து கிடந்த அந்தச் சனத்துக்கு, பயமில்லாமல் ஒன்றரை மணித்தியாலம் இருக்கக் கிடைத்த ஒரே இடம் எங்கள் ஆலயம். அதனால்தான் குழு வேண்டும் என்றார் போதகர்.

ஆராதனை முடிந்து கூட்டம் போட்டார்கள். "ஊழியமாக நினைத்து ஆர் முன்வருகிறீர்கள்?" என்று போதகர் கேட்டதும் பாடகர் குழு முழுவதும் மேலே சுற்றும் ஃபானைப் பார்த்தது. வாலிபர் சங்கம் செருப்பைப் பார்த்தது. சென்ரி அங்கிள் மட்டும் எழும்பி இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கைக்கு ஒரு ஆள் என்று கணக்கெடுத்தார்களோ என்னவோ, அத்தோடு கூட்டம் முடியப் பார்த்தது. அப்போதுதான் யாரோ, "பொம்பிளையளின்ரை ஹான்ட்பாக்கை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுத் தொலைத்தார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே வரிசையில் நின்றேன். கூட்டத்துக்கு வராதவர்களைத்தானே கமிட்டியில் போடுவது வழக்கம். நான் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, என்னை ஏகமனதாகத் தெரிவுசெய்து ஜெபமும் பண்ணி முடித்திருந்தார்கள்.

"அங்கிள், நான் கோட்டையிலை டைப் அடிக்கிறவள். வேலைக்குப் போக மூண்டு செக்பொயின்ற், வர மூண்டு செக்பொயின்ற். ஞாயிற்றுக்கிழமையும் செக்கிங்கா? எனக்கு ஏலாது" என்றேன்.

"அதுதான் பிள்ளை விசயம்" என்றார் அங்கிள். "கிழமை முழுக்க எங்களைச் செக் பண்ணுறாங்கள். ஒரு நாள் நாங்கள் செக் பண்ணுவம். உடம்புக்கு நல்லது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முழிச்சிருக்கச் சொல்லியும் இருக்கு, ஜெபம் பண்ணச் சொல்லியும் இருக்கு. ரெண்டையும் ஒரே ஆள் செய்ய ஏலாது பிள்ளை. கண்ணை மூடினா எப்பிடி முழிச்சிருக்கிறது? ஜெபம் அவைக்கு, முழிப்பு எனக்கு" என்றார். வேத விளக்கம் என்ற வகையில் அது கொஞ்சம் கோணல்தான். ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொன்னவரோடு வாதாட எனக்குச் சக்தி இருக்கவில்லை. நான் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன்.

நின்ற காலமெல்லாம் எனக்கு ஒரே கால்வலி. வெள்ளவத்தைச் சனம் சும்மா கோயிலுக்கு வருவதில்லை. வரும் வழியில் மார்க்கெட்டுக்குள் நுழைந்து கீரை, மீன், கருவாடு எல்லாம் வாங்கிக்கொண்டுதான் ஆண்டவரிடம் வருவார்கள். அங்கிள் எல்லாப் பைகளையும் வாசல் மேசையில் வாங்கி வைத்து, ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் வெயிலில் மீன் மணக்கத் தொடங்கும். எங்கள் ஒழுங்கையில் மட்டுமல்ல, தெஹிவளை வரைக்கும் உள்ள பூனைகள் எல்லாம் எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறத் தயாராகிவிட்டன. அவற்றை விரட்டுவதும் என் ஊழியத்தில் அடக்கம்.

வாகனங்களுக்கு அவர் தனி ஆயுதம் வைத்திருந்தார். நிலம் கூட்டுகிற தும்புத்தடியின் நுனியில் ஓட்டோவின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கட்டி, காருக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார். குண்டு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் "ஐயா, ஒயில் லீக் பண்ணுது", "தம்பி, உன்ரை சைலன்சர் இண்டைக்கோ நாளைக்கோ விழும்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சபையில் இல்லாத ஆட்களும் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்.

கொடி விவகாரம் இதைவிட மோசம். எல்லோரும் சோதிக்கப்பட்டு உள்ளே போன பிறகு, அங்கிள் வாசலில் நின்று பச்சைக் கொடியை அசைப்பார். அதைக் கண்ட பிறகுதான் போதகர் முதற் பாட்டை அறிவிக்கலாம். மௌன ஜெப நேரத்தில் யாராவது கேற்றுக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தினால் சிவப்புக் கொடியோடு விசிலும் பறக்கும். முன் வாங்கில் இருந்த வயதான ரீச்சர் ஒருவர் அந்த விசிலுக்குத் திடுக்கிட்டு, "வந்திட்டாரோ?" என்று கேட்டார். இரண்டாம் வருகை என்று நினைத்திருக்கிறார்.

திருவிருந்துக்கும் அவர் உள்ளே வரமாட்டார். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் போதகர் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வெயிலில் கேற் வரைக்கும் நடந்து வருவார். அங்கிள் தொப்பியைக் கழற்றுவார், கிண்ணத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் குடிப்பார்.

"என்ன பாக்கிறியள்?" என்று போதகர் ஒருநாள் நொந்துபோய்க் கேட்டார்.

"கோவிக்காதேங்கோ ஐயா. முறை எண்டா எல்லாருக்கும் முறைதானே."

இந்த முறைதான் கடைசியில் எங்களைக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளியது.

எங்கள் ஆலயத்தில் வருஷா வருஷம் அறுவடை விழா நடக்கும். கொழும்பில் எவருக்கும் அறுவடை கிடையாது என்றாலும் விழா மட்டும் உண்டு. வீட்டுக்கு வீடு பூசணிக்காய், பலாப்பழம், முட்டை, கேக் என்று கொண்டுவந்து பீடத்தடியில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் அங்கிள் ஒரு குடைக்கம்பியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வெட்டாத சாமான் ஒண்டும் உள்ள போகாது" என்று அறிவித்தார். "பூசணிக்காய்க்குள்ள என்ன கிடக்கெண்டு பூசணிக்காய்க்குத்தான் தெரியும்."

ஒவ்வொன்றாக வாங்கி, நாலு பக்கமும் குத்தி, மேலே ஒருமுறை குத்தி, கம்பியை மணந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அந்த வருஷம் எங்கள் பீடத்தில் இருந்த காய்கறி எல்லாம் ஐந்து காயங்களோடு இருந்தன. அதுவரையும் சனம் பொறுத்தது. வரிசையில் அடுத்ததாகக் கேக் அன்ரி வந்தார்.

கேக் அன்ரி எங்கள் சபைச் செயலாளர். வெள்ளவத்தையில் அவருடைய ரிச் கேக் இல்லாமல் எந்தக் கல்யாணமும் சட்டப்படி செல்லாது. வெள்ளை ஐசிங் பூசி, ரோஜாப்பூ வைத்து, ஒரு பெரிய கேக்கைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணை, இது கேக். இதுக்குள்ள முந்திரிகை வத்தலும் முட்டையும்தான் இருக்கு" என்றார்.

"நீங்கள் சொல்லுறியள் தங்கச்சி. கம்பியும் சொல்லட்டும்" என்றார் அங்கிள்.

குத்தினார். ஐசிங் வெடித்து ரோஜாப்பூ ஒருபக்கம் சாய்ந்தது. கேக் அன்ரியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் மேசைக்கு அடியில் பூனை தேடுவதுபோலக் குனிந்துவிட்டேன். ஏலத்தில் அந்தக் கேக்கை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அங்கிள்தான் வாங்கினார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

அடுத்த மாதம் கேக் அன்ரியின் மகளுக்குக் கல்யாணம். மூன்று அடுக்குக் கேக். அன்ரிக்கு இரவில் கண்ணை மூடினால் குடைக்கம்பி தெரிந்ததாம். நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய், "பெரிய மனிதர்கள் வருகிறார்கள், கல்யாணத்துக்குப் பாதுகாப்புத் தாருங்கள்" என்று கேட்டுவிட்டார். பொறுப்பதிகாரி சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அன்று வாசலில் துவக்கோடு ஒரு கான்ஸ்டபிள் நின்றார். சென்ரி அங்கிளுக்கு அழைப்பிதழ் கொடுத்து, முன் வரிசையில் கதிரை போட்டு, அசையாமல் இருத்தி வைத்தார்கள். கேக் காயமில்லாமல் தப்பியது.

ஆனால் அடுத்த ஞாயிறும் கான்ஸ்டபிள் வந்தார்.

கேக் அன்ரி பதறிப்போய்ப் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். "நீங்கள்தானே கேட்டீர்கள்? இனி அது எங்கள் பொறுப்பு. அங்கே ஆள் தேவையில்லை என்று எங்கள் கான்ஸ்டபிளே அறிக்கை தந்தால் எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிறை நான் மறக்கவில்லை. ஒழுங்கை முனையில் லொட்ஜ் ஆட்கள் வழக்கம்போலக் கூட்டமாக வந்தார்கள். முன்னால் ஜெயந்தன். அங்கிளுக்குப் பக்கத்து அறையில் இருந்தவன், கனடா விசாவுக்கு இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன். கேற்றடியில் காக்கியைக் கண்டான். அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஏதோ மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களைப்போலத் திரும்பி நடந்தார்கள். அங்கிள் விசிலை வாயில் வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். ஊதவில்லை.

அன்றைக்குப் பச்சைக் கொடியும் அசையவில்லை. போதகர் வாசலைப் பார்த்துப் பார்த்து நின்று, கடைசியில் கொடி இல்லாமலே பாட்டை அறிவித்தார். கடைசி இரண்டு வாங்கும் வெறுமையாகக் கிடந்தன. கேக் அன்ரி திரும்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து, "ஒரு கேக்குக்காகவாடி நான் இதைச் செய்தனான்?" என்று அழுதார். எனக்கு அவரைத் திட்டவும் மனமில்லை, தேற்றவும் தெம்பில்லை. அந்த வருஷங்களில் எதற்குமே எங்களிடம் தெம்பு மிச்சமிருக்கவில்லை.

அங்கிளிடம் மட்டும் அது எங்கேயோ மிச்சமிருந்தது. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கான்ஸ்டபிளுக்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டினார்.

"மல்லி, ஐடி எக்க பென்னன்ட." அடையாள அட்டையைக் காட்டு தம்பி என்று, சுத்தச் சிங்களத்தில்.

"கடவுளே, இந்த மனிசன் இண்டைக்கு ஜீப்பிலைதான் போகப்போகுது" என்று நினைத்தேன். கான்ஸ்டபிளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பண்டார என்று பெயர், அனுராதபுரப் பக்கம். அவன் முதலில் முறைத்தான். பிறகு சுற்றிப் பார்த்தான். மேசையில் வரிசையாக மீன் பைகள், டோக்கன்கள், தும்புத்தடிக் கண்ணாடி, பூனைகள், பச்சைக் கொடி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். தமிழன் ஒருவன் கேட்டு, பொலிஸ்காரன் அடையாள அட்டை காட்டியதை நான் என் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு வேறு அற்புதம் ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை.

துவக்கையும் மேசையில் வைத்து டோக்கன் வாங்கும்படி அங்கிள் கேட்டார். அது நடக்கவில்லை. பேரம் பேசி, கடைசியில் தொப்பியை வைத்தான். தொப்பிக்கு ஒரு டோக்கன் கொடுக்கப்பட்டது.

"வெயிலிலை நிக்காதை மல்லி" என்று அங்கிள் ஒரு கதிரையைக் கொண்டுவந்து கேற்றுக்குப் பக்கத்தில் போட்டார். பண்டார இருந்துவிட்டு, "மட்ட மஹன்சியி, அங்கிள்" என்றான். களைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். இரவுக் கடமை முடிந்து, நித்திரை கொள்ளாமல், நேரே இங்கே வந்திருக்கிறான். வீட்டுக்குப் போக லீவு கேட்டும் கிடைக்கவில்லையாம். களைப்பு என்ற அந்தச் சொல்லுக்கு எங்களில் ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு நான் வந்தபோது கதிரை வேப்பமரத்தின் கீழே இருந்தது. நிழல் நல்லதுதானே என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு அது மண்டபத்துப் படியடிக்குப் போயிருந்தது. பிறகு விறாந்தைக்குப் போனது. பிறகு மண்டபத்துக்குள், ஃபானுக்கு நேரே கீழே இருந்தது. ஒவ்வொரு முறையும் பண்டார எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்த் திரும்பும்போது கதிரை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. அவன் அதைக் கவனித்தானோ, கவனித்தும் பேசாமல் இருந்தானோ தெரியாது.

"அங்கிள், என்ன செய்யுறியள்?" என்றேன்.

"ஷன்டிங்" என்றார். "பெட்டியை மெல்ல மெல்லத் தள்ளிப் பக்கத்து லைனிலை விடுறது. கெதியாத் தள்ளினா இடிபடும். உள்ள இருக்கிற சனம் பயப்படும்."

கடைசியில் கதிரை மண்டபத்தின் பின்பக்கக் குசினிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கேக் அன்ரி பொறுப்பெடுத்தார். கட்லற், றோல்ஸ், ரிச் கேக், அதன் மேல் பிளேன்ரீ. பண்டார தின்று முடித்து, மேசையில் தலையை வைத்துக் குறட்டை விடுவான். ஆண்டவரின் ஆலயத்தில் அவ்வளவு சமாதானமாக ஒருவர் நித்திரை கொண்டதை, பிரசங்க நேரம் தவிர, நான் கண்டதில்லை.

அங்கிள் லொட்ஜுக்குப் போய்ச் சொன்னார்: "அவன் உள்ள நித்திரை. கேற்றிலை நான்தான். வாங்கோ."

முதல் ஞாயிறு ஜெயந்தன் மட்டும் வந்தான். வாசலில் நின்று என்னைத்தான் கேட்டான்.

"அக்கா, உண்மையா நித்திரைதானோ?"

"குறட்டை கேக்குதெல்லே? போ" என்றேன்.

அவன் கடைசி வாங்கில் நுனியில் இருந்தான். ஓட வசதியாக. அடுத்த கிழமை நாலைந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை இரண்டு வாங்கும் நிறைந்தன, இருந்தவர்களும் நுனியை விட்டுச் சுவரில் சாய்ந்து இருந்தார்கள். அன்று பச்சைக் கொடி அசைந்தது. போதகர் பாட்டை அறிவிக்க முன்னம் மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் மேசையில் கருவாடு இருந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

பண்டாரவின் அறிக்கையும் ஒருநாள் போனது. "அந்த வாசலில் நிற்கும் கிழவர் என்னிடமே கிழமைக்குக் கிழமை ஐடி கேட்கிறார். அங்கே இன்னொரு ஆள் வீண்" என்று சொன்னானாம். பொறுப்பதிகாரி அவனை எடுத்துவிட்டார். கடைசி நாள் தொப்பி டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அங்கிள் விசில் ஊதவில்லை. முறை மீறப்பட்டதை அவர் சும்மா விட்டது அந்த ஒருமுறைதான்.

அதற்கடுத்த ஞாயிறு ஜெயந்தன் சீக்கிரமே வந்து மேசையடியில் நின்றான்.

"அக்கா, அங்கிளை ஒருக்கா உள்ள இருத்த ஏலாதோ?"

"ஏன்?"

"அந்தாள் நித்திரையே கொள்ளுறேல்லை. ராவிலை லொட்ஜ் வாசலிலை கதிரை போட்டு விடியும் மட்டும் இருக்கும். செக்கிங் வந்தா முதல்லை தான் கதைக்க வேணுமாம். சிங்களம் நல்லாத் தெரிஞ்ச ஆள் தான்தானாம். நாங்கள் படுத்தா நித்திரை வருது அக்கா, அவர் அங்கை இருக்கிறபடியால்."

எத்தனை காலமாக என்று கேட்டேன். "நான் வந்த நாள் துவக்கம்" என்றான்.

முழிப்பு எனக்கு என்று அந்த மனிதர் சொன்னதை நான் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் மட்டும் எடுத்திருந்தேன். நேரே போய் அவருடைய கையிலிருந்த தும்புத்தடியைப் பறித்தேன்.

"பிள்ளை, என்ன இது?"

"இண்டைக்கு நான் கேற். நீங்கள் உள்ள போங்கோ."

"அது சரிவராது. முறை எண்டு ஒண்டு..."

"அங்கிள், சிவப்புக் கொடியைத் தாங்கோ. பச்சையையும் தாங்கோ. விசிலையும் கழட்டுங்கோ."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தந்தார். கடைசியில் விசிலைத் தரும்போது, "முன்னாலை வாற வெள்ளை வானுக்கு அடியிலை வடிவாப் பார். அதின்ரை ஒயில்..." என்று தொடங்கினார்.

"ஆரைப் பாக்க வாறியள்?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆண்டவரை" என்றார்.

"அப்ப போங்கோ. உள்ளதான் இருக்கிறார்."

கடைசி வாங்கில் ஜெயந்தன் நகர்ந்து இடம் விட்டான். நான் பச்சைக் கொடியை அசைத்தேன், போதகர் பாட்டை அறிவித்தார். இரண்டாம் சரணம் முடிவதற்குள் அங்கிளின் தலை ஜெயந்தனின் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. போதகர் கண்டார். அன்றைக்கு அவர் செய்த பிரசங்கத்தைப்போல மெதுவான பிரசங்கத்தை எங்கள் சபை கேட்டதில்லை, பின் வாங்குகளுக்கு ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது. முடிந்த பிறகு பின் வாங்குக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருடைய முழங்காலில் படாமல் ஒவ்வொருவராக நழுவி வந்தார்கள். ஜெயந்தன் மட்டும் தோளை அசைக்காமல் அப்படியே இருந்தான்.

நான் கேற்றைச் சாத்திவிட்டு, வெயிலில் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வலித்தது. வலிக்கட்டும். அந்த நேரம் ஆண்டவரே நேரில் வந்திருந்தாலும், ஐடியும் கேட்டிருக்க மாட்டேன், பையும் பார்த்திருக்க மாட்டேன். கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோ, அங்கிள் நித்திரை என்றுதான் சொல்லியிருப்பேன்.